எனக்கு முன்பே வந்திருந்த குரல்

சிலமலையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் செருப்பைச் சரியாக மாட்டுவதற்குள் நான் பாடுவது என் காதில் விழுந்தது.

என் வாய் மூடியிருக்கிறது. கையில் மாலை இருக்கிறது. பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுத் தேவாரம் ஊர்ப் பக்கம் போய்விட்டது. தெருவுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் நான் காமாட்சியம்மாளுக்காக அழுது பாடிக்கொண்டிருக்கிறேன். என் இழுவை, என் மூச்சு எல்லாம் அப்படியே இருந்தது. வரி முடியும் இடத்தில் தொண்டையை லேசாக உடைத்துவிடுவேன், அதுவும் இருந்தது. காமாட்சி என்ற பெயர் தெளிவாக வருகிறது. அந்த அம்மாள் போனதே அன்று விடியற்காலையில்தான். உயிரோடு இருந்தவரின் சாவுக்கு நான் எப்போது பாடினேன்?

காலையிலேயே வந்து பாடிவிட்டு மறந்துபோய் மறுபடியும் வந்திருக்கிறேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்காதீர்கள். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போகிற வயது எனக்கு. சிறிது நேரம் அந்தப் புளியமரத்தடியிலேயே நின்று, என்னை நானே கேட்டேன்.

என் பெயர் பாண்டியம்மா. ஊர் போடி. கேத வீடுகளில் மைக் பிடித்து ஒப்பாரி பாடுவதுதான் என் தொழிலாக இருந்தது. சுற்று வட்டாரத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் என்னைக் கண்டு மகிழ்வதும் குறைவு. கடைத்தெருவில் யாரையாவது பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால் போதும், முகம் வெளுத்துவிடும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், "நீ மட்டும் என்னைய நலம் விசாரிக்காத ஆத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். பாட மூச்சு போதாமல் போனதும் தொழிலை விட்டேன். அந்தப் பெரியவர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.

நான் விட்ட பிறகு செல்வம் ஒருமுறை வீட்டுக்கு வந்தான். எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவன், இப்போது சொந்தமாக மைக் செட் வைத்திருக்கிறான். வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று பேசுங்கள், பழைய பாட்டுகளையும் பாடுங்கள் என்று போனை முன்னால் வைத்தான். "நாங்க படிக்கணும்லக்கா" என்றான். எனக்கும் பேசப் பிடிக்கும். ஒரு பகல் முழுக்கப் பேசினேன், பாடினேன். அவன் கேட்டதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அன்று சிலமலையில் நடந்தது புரியாது.

நான் ஏலக்காய் பொறுக்கப் போனவள். மலையிலிருந்து இறங்கும் காயைத் தரம் பிரிக்கும் கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. நான் பாடினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஒப்பாரிக் குழு வைத்திருந்த தங்கராசு அண்ணன் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, கேத வீட்டில் பாட வருகிறாயா என்று கேட்டார். என் வீட்டில் ஒரு வருடம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார்கள். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

அண்ணனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஆர்மோனியம் வாசிப்பார், குழுவும் அவருடையது. துக்க வீட்டுத் தெருவுக்குள் நுழையும் முன்னால் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்வார். கசங்காத வெள்ளைச் சட்டை. வீட்டுக்காரர்கள் கொடுக்கும் எதையும் குடிக்க மாட்டார், தண்ணீரைத் தானே கொண்டு வருவார். ஆர்மோனியப் பெட்டியை இறக்கியவுடன் வாசிக்க ஆரம்பித்துவிட மாட்டார். பந்தலுக்கு வெளியே நின்று, உள்ளே பெண்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். கட்டைகளை மெல்லத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். கடைசியில் ஒரு கட்டையில் விரலை நிறுத்துவார். அதுதான் அன்றைக்குச் சுருதி.

"வீடு எந்தச் சுருதியில அழுகுதோ அதுலதான் நாம பிடிக்கணும் பாண்டியம்மா. நம்ம சுருதிக்கு அவுகள இழுக்கக் கூடாது."

அவர் சுருதி பிடிக்கும் நேரத்தில் நான் உள்ளே போய்ச் சேதி கேட்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, "நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பேன். மகள், மருமகள், நாத்தனார், பக்கத்து வீடு என்று பதில் சட்டென்று வரும். அந்தக் கேள்விக்கு யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொருவர் பங்கையும் பாட வேண்டும். மனைவி பங்கைப் பாடும்போது நான் மனைவி. 'என்னை விட்டுப் போனீகளே' என்றுதான் பாடுவேன், 'அவளை விட்டு' என்று பாட மாட்டேன். மகள் பங்கு வந்தால் நான் மகள். யார் பங்கைப் பாடப் போகிறேனோ அவர் முகத்தை முதலில் பார்க்க வேண்டும், அவர் பதிலுக்கு என்னைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இது அண்ணன் வைத்த சட்டம்.

தப்பாகப் போனால் அண்ணன் திட்ட மாட்டார், பெட்டியை நிறுத்திவிடுவார். பூப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒருவர் இறந்துவிட்டார். ஒரு பெண் தரையில் புரண்டு அழுதாள். கேட்கவா வேண்டும் என்று அவளைப் பார்த்து மனைவி பங்கை எடுத்தேன். இரண்டு வரி கூடப் போகவில்லை, பெட்டி நின்றது. திரும்பினால், மனைவி பின்னால் அடுப்படியில் வந்தவர்களுக்கெல்லாம் கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தாள். புரண்டு அழுதவள் இறந்தவரோடு வேலை பார்த்தவள். லயமே என்னைப் பார்த்தது. அந்தப் பெண் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகக் காட்டுப் பக்கம் போய்விட்டாள். ஜீப்பில் மலை இறங்கும்போது அண்ணன், "இனிமே கேட்டுக்க" என்றார், அவ்வளவுதான்.

இத்தனையும் கேட்ட செல்வம் ஒன்றைக் கேட்டான். கேட்டும் பதில் தெரியாத வீடு ஏதாவது உண்டா என்றான். உண்டு என்றேன். சிலமலை காமாட்சியம்மாள் வீடு.

அவர் கணவர் இறந்தபோது போனோம். தோட்டம், கிணறு என்று வசதியாக வாழ்ந்த விவசாயி. மகன்கள் இரண்டு பேர். நான் சேதி கேட்டபோது, மகள் யாரும் உண்டா என்றேன். மூத்தவர் இல்லை என்றார். பக்கத்தில் நின்ற சின்னவர் கீழே பார்த்தார். நான் காமாட்சியம்மாளிடம் குனிந்தேன். அவர் அழவில்லை. கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, என் கையை இறுக்கிப் பிடித்துக் காதோடு சொன்னார்.

"பொம்பளப் பிள்ள ஒருத்தி இருக்கா ஆத்தா. தெருமுனையில நிக்கிறா. உள்ள விட மாட்டேங்குறாக. அவ பங்கையும் பாடிரு."

முருகேஸ்வரி என்று பெயர். கேரளா மலையில் ஜீப் ஓட்டிய ஒருவரைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே குடியிருந்தவள். அவள் போன அன்று அப்பா கிணற்றடியில் தலைமுழுகினாராம். இந்தப் பக்கத்தில் அப்படி முழுகிவிட்டால் அந்தப் பிள்ளை செத்ததாகக் கணக்கு. செத்தவளின் பங்கை எப்படிப் பாடுவது? முகம் பார்க்க வேண்டும் என்றால் அவள் தெருமுனையில் நிற்கிறாள். தலைமாட்டில் அம்மா என் கையை விடவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கட்டையில் விரல் வைத்துத் தயாராக இருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு மகள் பங்கை எடுத்தேன்.

"தேரு வரும் வீதியில தோளில் ஏத்திக் காட்டினீக,
ஊரு கூடி நிக்குதய்யா, தோளு எங்க போச்சுதய்யா."

பெட்டி நிற்கும், நிற்கும் என்று காத்துக்கொண்டே பாடினேன். நிற்கவில்லை. மூத்தவர் மைக்கைப் பிடுங்க வந்தார். பாதியிலேயே நின்றார். தரையில் உட்கார்ந்து, தங்கச்சி பெயரைச் சொல்லிச் சத்தமாக அழுதார். சின்னவர் தெருமுனைக்கு ஓடினார். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். காமாட்சியம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். முருகேஸ்வரி மட்டும் அழவில்லை. அப்பாவின் காலடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் தொண்டைக்கு இப்படி ஒரு வலு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் நான் பந்தலுக்குப் பின்னால் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். காலைத் தொடப் போகிறாள் என்று நினைத்து, வேண்டாம் என்று தடுக்கத் தயாரானேன்.

"சேச்சி, யாரு சொல்லி எம் பங்கப் பாடுனீங்க?"

உங்கம்மா சொல்லித்தான் என்றேன்.

"அம்மா பங்க அம்மாகிட்டக் கேளுங்க. எம் பங்க எங்கிட்டல்ல கேக்கணும்." குரலை உயர்த்தவே இல்லை. "கைப்பிள்ளையோட வந்து வாசல்ல நின்னப்ப கதவச் சாத்துன கை அப்பாவோடது. எம் பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணி தரல. அந்தாளு என்னயத் தோள்ல தூக்குனாருன்னு பாடிட்டீங்க. இத்தன வருசம் நான் வெச்சிருந்த கோவம் சேச்சி. ஊரு முன்னாடி நான் மன்னிச்சிட்டேன்னு ஆக்கிட்டீங்க."

எனக்கும் கோபம் வந்தது. உன்னை வாசலுக்குள் விட்டதே என் பாட்டுத்தானே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த வழியாக வந்த லோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டாள்.

வீடு திரும்பும் வழியில் அண்ணனிடம் கேட்டேன். முகம் பார்க்காமல் பாடினேனே, ஏன் பெட்டியை நிறுத்தவில்லை?

"நான் நிறுத்தியிருந்தா நீ நிறுத்தியிருப்பியா?" என்றார்.

மறுபடி கேட்கலாம் என்றால் அண்ணனும் இல்லை. அவர் இறந்தபோது பாட்டு வைக்கவில்லை. வீட்டில் இன்றைக்காவது அமைதி இருக்கட்டும் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.

அதன்பிறகு முருகேஸ்வரி அம்மாவைப் பார்க்க வந்துபோக ஆரம்பித்தாள். பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்குச் சிலமலைக்கு வந்தார்கள். காமாட்சியம்மாள் போடி சந்தையில் என்னைக் கண்டால் விட மாட்டார். தோட்டத்து முருங்கைக்காயை என் பையில் திணிப்பார். "எம் மகளக் கொண்டாந்து குடுத்தவ" என்று பக்கத்தில் நிற்பவரிடமெல்லாம் சொல்வார். என்னைக் கண்டு மகிழ்ந்த ஒரே மனுஷி அவர்தான். அந்த முருங்கைக்காயைக் குழம்பு வைக்கும்போதெல்லாம் மகள் சொன்னது ஞாபகம் வந்து உறுத்தும். அம்மா பக்கம் பார்த்தால் நான் செய்தது நல்ல காரியம். மகள் பக்கம் பார்த்தால் அக்கிரமம். இரண்டும் ஒரே பாட்டுதான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது என்று தெரியாமலேயே தொழிலை முடித்துவிட்டேன்.

செல்வம் இதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். படித்துவிட்டான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

இப்போது அதே தெருவில், அதே வீட்டுப் பந்தலில் என் குரல் பாடிக்கொண்டிருக்கிறது. நான் உள்ளே போனபோது மைக் பிடிக்கும் இடத்தில் ஆளே இல்லை. செல்வம் ஒரு நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். மூத்த மகன்தான் கேட்டாராம், அம்மாவுக்குப் பிடித்த பாண்டியம்மா குரலில்தான் பாட்டு வேண்டும் என்று. நான் தொழிலை விட்டது தெரிந்ததால் இப்படி ஒரு வழி செய்தானாம். போனில் பிடித்த குரலை மதுரையில் யாரிடமோ கொடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டானாம், இறந்தவர் பெயரையும் உறவையும் தட்டச்சு செய்தால் போதுமாம், அதே குரலில் கணினியே பாடிவிடுமாம்.

"உங்களக் கேட்டிருக்கணும்க்கா. கேதச் சோலி, வெரசா வரச் சொன்னாக" என்று இழுத்தான்.

யாரைக் கேட்டு என் தொண்டையை எடுத்தாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், இதே வீட்டுப் பந்தலுக்குப் பின்னால், வேறொருத்தி வாயிலிருந்து. சரியாக அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் மகள் பங்கு வந்தது.

"தேரு வரும் வீதியில தோளில் ஏத்திக் காட்டினியே,
ஊரு கூடி நிக்குதம்மா, தோளு எங்க போச்சுதம்மா."

அப்பாவை எடுத்துவிட்டு அம்மாவைப் போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் அதே வரி. முருகேஸ்வரியைத் தேடினேன். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். செல்வமும் அவள் பார்ப்பதைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, சட்டென்று பாட்டை நிறுத்தி, மைக்கை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான்.

மூத்த மகன் என்னை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பாடுவேன் என்று பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்கள். நான் மைக்கோடு முருகேஸ்வரியிடம் போய்க் குனிந்தேன். அன்று தெருமுனை வரை போய்க் கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்டேன். உன் பங்கை நான் பாடட்டுமா என்றேன். ஒரு வரி பாடினாலும் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. அவள் தலையாட்டினால் எல்லாம் நேராகிவிடும் என்று ஒரு நினைப்பு.

"வேணாம் சேச்சி. அதையே போடச் சொல்லுங்க."

ஏன் என்று கேட்டேன்.

"அம்மா என்னயத் தோள்ல தூக்கித் தேரு காட்டுனது நெசம். அப்பா வரமாட்டேன்னு படுத்துக்கிட்டாரு, அம்மாதான் தூக்கிட்டுப் போச்சு. அது சரியாத்தான் பாடுது." கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "அதுவும் போக, அது யாரோ பாடுறது. நீங்க பாடுனா நான் பாடுறேன்னு ஆகிரும்."

ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, கேட்டுக் கேட்டுப் பாடியவள் நான். பொய்யைப் பாடினேன். ஒரு முகத்தையும் பார்க்காத அந்தக் கணினி உண்மையைப் பாடுகிறது. என் குரலை என்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். அவளோ வாய் இல்லாதது பாடட்டும் என்கிறாள். இதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் திரும்பிப் போய், என் குரலையே போடச் சொல்லி என் வாயாலேயே செல்வத்திடம் சொன்னேன். அவன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். பிறகு போட்டான்.

மைக் இல்லாமல் ஒரு கேத வீட்டில் எங்கே நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டி அழுதுகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கையை நீட்டி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். என் தோளில் இரண்டு பக்கமும் கைகள் விழுந்தன. பாடுபவள் அழக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்ததால், அத்தனை வருடத்தில் ஒரு வீட்டிலும் நான் அழுததில்லை. அன்று அழுதேன். முருங்கைக்காய் திணித்த அந்தக் கைக்காக அழுதேனா, பறிபோன தொண்டைக்காக அழுதேனா, தெரியாது. மேலே ஒலிபெருக்கியில் நான் பாட, கீழே நான் அழ, இரண்டும் சேரவே இல்லை. என் அழுகை வேறு சுருதியில் இருந்தது.

பக்கத்தில் இருந்த கிழவி மூக்கைத் துடைத்துக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"நீ காமாட்சிக்கு என்ன வேணும் ஆத்தா?" என்று கேட்டாள்.

எத்தனையோ வீடுகளில் நான் கேட்ட கேள்வி. எல்லாருக்கும் சட்டென்று வந்த பதில் எனக்கு வரவில்லை. மகள் இல்லை, மருமகள் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. பாட்டுக்காரி என்று சொல்லலாம் என்றால், பாட்டு அங்கே தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. கிழவி விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலைமாட்டிலிருந்து முருகேஸ்வரி, நிமிர்ந்து பார்க்காமலேயே, என்னைக் கேட்காமலேயே, எனக்காகப் பதில் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு வேண்டியவுக."

தனக்கு வேண்டியவள் என்று அவள் சொல்லவில்லை. கிழவி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் என் தோளைக் கட்டிக்கொண்டாள்.